பனித்தளத்தில் யார் பெரியவர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஃபிகர் ஸ்கேட்டிங் வரலாற்றிலேயே மிகப் பெரியவர் யார் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நார்வேயின் சோன்யா ஹெனி என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. வந்து சேர்ந்த கடிதங்களில் பாதி என்னைக் கடிந்துகொண்டவை. மீதிப் பாதி தத்தம் அபிமான ஸ்கேட்டருக்காக வாதாடியவை. ஆகவே இந்த இதழில் நமது பக்கங்கள் முழுவதும் இந்த ஒரு விவாதத்துக்கே.

கேள்வி: ஹெனி மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் பத்து உலகப் பட்டங்களும் வென்றார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பதக்கங்களை எண்ணிப் பார்த்து ஒருவரை மிகப் பெரியவர் என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியாது. சென்ற இதழில் நான் செய்தது அதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஹெனி 1924ஆம் ஆண்டு ஷாமொனி ஒலிம்பிக்கில் 11 வயதுச் சிறுமியாகக் கலந்துகொண்டு கடைசி இடத்தில் முடித்தவர்; அதற்கு மூன்றாண்டுகள் கழித்து 1927இல் ஆஸ்லோவில் தமது முதல் உலகப் பட்டத்தை வென்றார். அந்தப் போட்டிக்கு அமர்ந்த ஐந்து நடுவர்களில் மூவர் நார்வேக்காரர்கள். அந்த மூவரும் ஹெனிக்கு முதலிடம் தந்தனர்; ஆஸ்திரிய நடுவரும் ஜெர்மானிய நடுவரும் அதுவரை சாம்பியனாக இருந்த ஆஸ்திரியாவின் ஹெர்மா சாபோவுக்கே முதலிடம் தந்தனர். இதனால் எழுந்த சர்ச்சைக்குப் பிறகுதான், ஒரு போட்டியில் ஒரு நாட்டுக்கு ஒரே நடுவர் என்ற விதியைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் கொண்டுவந்தது. இதைச் சொல்வதால் ஹெனியின் திறமையைக் குறைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அடுத்த ஆண்டே செயின்ட் மோரிட்ஸில் ஒலிம்பிக் தங்கத்தை வென்று, 1932லும் 1936லும் அதைத் தக்கவைத்துக்கொண்டவர் அவர். ஆனால் அக்காலத்தில் பெண்கள் பிரிவில் போட்டியிட்டோர் மிகச் சிலரே. இன்றைய சாம்பியன் கடந்து வர வேண்டிய கூட்டத்தோடு அதை ஒப்பிட்டால் பத்து என்ற எண்ணின் எடை சற்றுக் குறைந்துதான் போகும்.

பதக்கத்தை விட்டுவிட்டால் வேறு எதைக் கொண்டு அளப்பது? எனக்குத் தோன்றும் அளவுகோல் இது: ஒருவர் வந்து போன பின், அவர் வராமலே இருந்திருந்தால் எப்படி ஸ்கேட் செய்திருப்பார்களோ அப்படியே மற்றவர்களால் தொடர்ந்து ஸ்கேட் செய்ய முடிந்ததா? முடிந்தது என்றால் அவர் பெரிய வெற்றியாளர், அவ்வளவுதான். முடியவில்லை என்றால், அவர் வேறு வகையைச் சேர்ந்தவர். குட்டைப் பாவாடையும் வெள்ளைக் காலணியும் அணிந்து, நிகழ்ச்சி முழுவதையும் ஒரு நடனம்போல் கோத்து ஆடிக் காட்டிய ஹெனி இந்த இரண்டாவது வகையில் வருகிறார். ஆகவே அவர் என் பட்டியலில் இருக்கிறார், ஆனால் சென்ற இதழில் நான் சொன்ன காரணத்துக்காக அன்று.

கேள்வி: இந்த விளையாட்டைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எந்த நாட்டுக்கு உண்டு?

பதில்: தாவல்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். ஆக்ஸல் என்பது நார்வேயின் ஆக்ஸல் பால்சன் 1882இல் வியன்னாவில் செய்து காட்டியது. சால்கோ என்பது, ஹெனிக்கு முன்பே பத்து உலகப் பட்டங்கள் வென்றிருந்த ஸ்வீடனின் உல்ரிக் சால்கோவின் பெயர். லுட்ஸ் ஆஸ்திரியாவின் அலோய்ஸ் லுட்ஸுடையது. நாம் லூப் என்று சொல்லும் தாவலை ஜெர்மானியரும் ரஷ்யரும் இன்றும் ரிட்பெர்கர் என்றே அழைக்கிறார்கள்; வெர்னர் ரிட்பெர்கர் ஒரு ஜெர்மானியர். இத்தனைக்கும் முன்னால், விறைப்பாக நின்று வட்டம் போட்டுக்கொண்டிருந்த ஐரோப்பியருக்கு இசையோடு சேர்ந்து ஆடக் கற்றுக்கொடுத்தவர் ஜாக்ஸன் ஹெயின்ஸ் என்ற அமெரிக்கர். பிறகு எந்த நாட்டைச் சொல்வது?

நம் மொழியில் இதற்கு இன்னும் சரியான பெயர்கூட அமையவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். செய்திகளில் ‘பனிச்சறுக்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். மலைச்சரிவில் இரண்டு பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கும் விளையாட்டுக்கும் அதே பெயர்தான். குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஃபிகர் ஸ்கேட்டிங் என்றே எழுதிவருகிறேன். தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

கேள்வி: எனக்கும் என் தம்பிக்கும் ஓயாத சண்டை. யுஸுரு ஹான்யுவுக்கு நிகராக ஆண்களில் எவரும் இல்லை என்கிறேன் நான். டிக் பட்டனை விட்டுவிட்டுப் பேசாதே என்கிறான் அவன். தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் தம்பி இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுவதும் படித்துவிட்டு வெட்டட்டும்.

அமெரிக்காவின் டிக் பட்டன் 1948இல் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் இரட்டை ஆக்ஸலைப் போட்டியில் முதன்முதலாக நிகழ்த்தினார். மற்றெல்லாத் தாவல்களிலும் பின்னோக்கிச் சென்றபடி எழும்புவார்கள். ஆக்ஸலில் மட்டும் முன்னோக்கிச் சென்றபடி எழும்புவதால் அரைச் சுற்று கூடுதலாகச் சுழல வேண்டும். ஆகவே இரட்டை ஆக்ஸல் என்பது இரண்டரைச் சுற்று. நான்காண்டுகள் கழித்து ஆஸ்லோவில் மூன்று சுற்று லூப் தாவலைச் செய்து காட்டினார். அதற்கு முன் எந்தப் போட்டியிலும் எவரும் மூன்று சுற்றுத் தாவலைச் செய்ததில்லை. ஹார்வர்டில் படித்துக்கொண்டே இதையெல்லாம் செய்த அந்த இளைஞர், பனித்தளத்தில் தாவல் என்பது இடையிடையே வந்துபோகும் அலங்காரம் என்ற நிலையை மாற்றி, போட்டியின் முதுகெலும்பாக ஆக்கிவிட்டார். கனடாவின் கர்ட் பிரவுனிங் 1988இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் நான்கு சுற்றுத் தாவலை முதன்முதலாக நிறைவேற்றியதும், அமெரிக்காவின் இலியா மலினின் 2022இல் நான்கு சுற்று ஆக்ஸலைச் சாதித்ததும், பட்டன் திறந்துவிட்ட அந்த வழியில் நடந்தவைதாம்.

ஹான்யுவின் கதை வேறு. 2011 மார்ச்சில் நிலநடுக்கம் தாக்கியபோது 16 வயதில் சென்டாய் நகரின் தளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர், ஸ்கேட்டுகளைக் கழற்றவும் நேரமின்றி வெளியே ஓடினார். மூன்றாண்டுகளுக்குள் சோச்சி ஒலிம்பிக்கில், போட்டியின் முதல் பகுதியான குறு நிகழ்ச்சியில் 100 புள்ளிகளைத் தாண்டிய முதல் மனிதரானார். அங்கே இரண்டாம் பகுதியான நெடு நிகழ்ச்சியில் இரண்டு முறை விழுந்தும் தங்கம் அவருக்கே கிடைத்தது. 2018இல் பியோங்சாங்கில், கணுக்கால் காயத்தால் மூன்று மாதங்கள் எந்தப் போட்டியிலும் இறங்காமல் இருந்துவிட்டு நேரே வந்து மீண்டும் தங்கம் வென்றார். தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக்குகளில் ஆண்கள் தங்கத்தை வெல்வது பட்டனுக்குப் பிறகு 66 ஆண்டுகள் எவராலும் முடியாததாக இருந்தது. ஹான்யுவிடம் நான் வியப்பது தாவல்களின் உயரத்தை அன்று. தாவலுக்கு முன்னாலும் பின்னாலும் அவர் மூச்சு வாங்கிக்கொள்வதற்காக நிற்பதில்லை; கடினமான ஓர் அடியிலிருந்து நேரே காற்றில் எழும்பி, இறங்கிய கால் நகர்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அசைவுக்குள் நுழைந்துவிடுவார். தாவல் எங்கே தொடங்கியது என்று திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

என் அளவுகோல்படி பட்டன்தான் பெரியவர், ஏனெனில் பட்டன் இல்லாமல் ஹான்யு ஏறிய ஏணியே இல்லை. ஆனால் ஒரு மாலையில் ஒருவரை மட்டும் பார்க்கலாம் என்றால் நான் ஹான்யுவைத்தான் பார்ப்பேன். அக்காளும் தம்பியும் சமாதானமாகப் போங்கள்.

கேள்வி: சோவியத் ஜோடிகளின் வெற்றி அரசாங்கம் செலவழித்து உருவாக்கிய வெற்றிதானே? அதை எப்படித் தனிமனித மேன்மையாகக் கொள்வது?

பதில்: அரசாங்கம் செலவழித்தது உண்மை. ஆனால் அந்தச் செலவில் பயிற்சி பெற்ற அனைவரும் இரினா ரோத்னினா ஆகிவிடவில்லையே. 1969 முதல் 1978 வரை அவர் வென்ற உலகப் பட்டங்கள் பத்து. அவற்றில் முதல் நான்கு அலெக்ஸேய் உலானோவுடன், எஞ்சிய ஆறு அலெக்ஸாண்டர் ஸைட்ஸேவுடன். ஒலிம்பிக் தங்கங்கள் மூன்று. ஜோடிப் பிரிவில் துணையை மாற்றுவது என்பது பாதிக் கட்டிய வீட்டை இடித்துவிட்டு மீண்டும் அடித்தளம் தோண்டுவதற்குச் சமம். அதற்குப் பின்னும் ஒரு பட்டத்தைக்கூட அவர் இழக்கவில்லை. 1973இல் பிராட்டிஸ்லாவாவில் நிகழ்ச்சியின் நடுவில் இசை நின்றுபோனபோது, இருவரும் நிற்காமல் மௌனத்திலேயே ஆடி முடித்துத் தங்கம் வென்றது இன்றும் பேசப்படுகிறது. 1979இல் குழந்தை பெற்றுக்கொண்டு, மறு ஆண்டே லேக் பிளாசிடில் வந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கத்தையும் பெற்றார்.

ஆனால் அவருக்கு முன்பு 1964லும் 1968லும் தங்கம் வென்ற லுத்மிலா பெலவுசோவா, ஒலெக் புரோத்தப்போபோவ் தம்பதியின் ரசிகர்கள் ரோத்னினாவை இன்றும் முழுமனதோடு ஏற்பதில்லை. அந்தத் தம்பதியின் ஆட்டம் பாலேயின் நீட்சி. நிதானமும் நீண்ட கோடுகளும் கொண்டது. ரோத்னினாவின் ஆட்டமோ வேகமும் வலிமையும். வெற்றி வேகத்தின் பக்கம் போனதால், பின்னால் வந்த ஜோடிகள் பெரும்பாலும் ரோத்னினாவின் வழியையே பிடித்தார்கள். அதில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு. முந்தைய தம்பதி 1979இல் நாட்டை விட்டு வெளியேறி சுவிட்சர்லாந்தில் குடியேறியது தனிக்கதை.

1964 தொடங்கி 2006 முடிய ஒவ்வொரு குளிர்கால ஒலிம்பிக்கிலும் ஜோடித் தங்கம் சோவியத்துக்கோ அதன் வழிவந்த அணிக்கோதான் சென்றது; 2002இல் மட்டும் கனடாவுடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. அந்தச் சங்கிலியை 2010இல் வான்கூவரில் அறுத்தவர்கள் சீனாவின் ஷென் ஸூ, ஜாவ் ஹோங்போ. அவர்களுடைய பயிற்சியாளர் யாவ் பின் 1980இல் டார்ட்மண்ட் உலகப் போட்டியில் ஜோடிப் பிரிவில் ஆடி, பார்வையாளர்களின் சிரிப்புக்கு ஆளாகிக் கடைசி இடத்தில் முடித்தவர். தாம் சிரிக்கப்பட்ட அதே பிரிவில் முப்பதாண்டுகள் கழித்துத் தம் மாணவர்களுக்குத் தங்கமும் வெள்ளியும் சேர்ந்தே கிடைக்கக் கண்ட அந்த மனிதரையும் பெரியவர்கள் பட்டியலில் சேர்க்க எனக்கு ஆசை. ஆனால் கேள்வி ஸ்கேட்டர்களைப் பற்றியது.

கேள்வி: 1972இல் ஆஸ்திரியாவின் திரிக்ஸி ஷூபா வென்ற தங்கம் நியாயமானதா? அவர் ஆட்டம் பார்க்க அவ்வளவு சாதாரணமாக இருக்கிறதே!

பதில்: முற்றிலும் நியாயமானது. நீங்கள் பார்த்தது அவருடைய நெடு நிகழ்ச்சியாக இருக்கும்; அதில் அவர் ஏழாவது இடம்தான். ஆனால் அந்நாளில் மதிப்பெண்ணில் பாதி, பனியில் வட்டங்களையும் எட்டுகளையும் ஒரே கோட்டின்மேல் மீண்டும் மீண்டும் பிசகாமல் வரையும் கட்டாய உருவங்களுக்குப் போனது. நடுவர்கள் குனிந்து கோடுகளை ஆராய்ந்து மதிப்பெண் இடுவார்கள். அந்தக் கலையில் ஷூபாவை மிஞ்ச ஆளில்லை. இந்த விளையாட்டின் பெயரில் உள்ள ‘ஃபிகர்’ என்ற சொல் அந்த உருவங்களைத்தான் குறிக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் கோடு வரைவதை யாரும் காட்டவில்லை. ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு, வெண்கலம் பெற்ற அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு அநீதி நடந்துவிட்டதாகத் தோன்றியது. அடுத்த பருவத்தில் குறு நிகழ்ச்சி என்ற புதிய பகுதி வந்தது. உருவங்களின் பங்கு குறைந்துகொண்டே போய் 1990க்குப் பின் அடியோடு நீக்கப்பட்டது. ஷூபாவின் தங்கம் அவர் வென்ற கலையின் முடிவுக்கே காரணமாகிவிட்டது.

கேள்வி: கதரினா விட்டா, யுனா கிம்மா? சோச்சியில் கிம்முக்கு நடந்ததைப் பற்றியும் உங்கள் கருத்து வேண்டும்.

பதில்: கிழக்கு ஜெர்மனியின் விட் 1984லும் 1988லும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், உலகப் பட்டங்கள் நான்கு. அவரும் அமெரிக்காவின் டெபி தாமஸும் 1988 கால்கரியில் ஒரே ‘கார்மென்’ இசைக்கு ஆடிய மோதலை இன்றும் நினைவுகூர்வோர் உண்டு. அரங்கத்தைத் தம் பார்வையாலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஆனால் தாவல்களின் கடினத்தில் அவர் காலத்திலேயே அவரை மிஞ்சியோர் இருந்தனர்.

தென்கொரியாவின் யுனா கிம்மிடம் அப்படிக் குறை சொல்ல எதுவுமில்லை. முன்னோடிகள் என்று சொல்லிக்கொள்ளும்படி யாருமில்லாத நாட்டிலிருந்து வந்து, 2010 வான்கூவரில் 228.56 புள்ளிகளுடன் அவர் வென்றபோது இரண்டாம் இடத்தில் இருந்த மாவோ அஸாதா 205.50இல் நின்றார். வேகம் குறையாமல் தாவலுக்குள் போய், அதே வேகத்தோடு வெளியே வருவார். சோச்சியைப் பொறுத்தவரை, தங்கம் பெற்ற ரஷ்யாவின் அடெலினா சோத்னிகோவா 224.59, கிம் 219.11. சோத்னிகோவாவின் நெடு நிகழ்ச்சியில் மூன்று சுற்றுத் தாவல்கள் ஏழு, கிம்முடையதில் ஆறு என்பதை அவர் ரசிகர்கள் கணக்கில் கொள்வதில்லை. தாவல் தவிர்த்த பிற அம்சங்களில் இருவருக்கும் இடையே அவ்வளவு சிறிய வித்தியாசம் இருக்க முடியுமா என்பதை எதிர்த்தரப்பு கணக்கில் கொள்வதில்லை. கொரியா அளித்த முறையீடு நிராகரிக்கப்பட்டது. நான் அன்று நடுவராக இருந்திருந்தால் கிம்முக்கே முதலிடம் தந்திருப்பேன், ஆனால் அதை அநீதி என்று சொல்லும் அளவுக்கு என் மனம் உறுதியாக இல்லை. விட், கிம் இருவரில் என் தேர்வு கிம்.

இங்கே என் அளவுகோல் என் காலையே வாருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அதன்படி இருவரையும்விடப் பெரியவர் ஜப்பானின் மிதோரி இதோ. பெண்களில் மூன்று சுற்று ஆக்ஸலை, அதாவது மூன்றரைச் சுற்றை, போட்டியில் முதலில் செய்தவர் அவர், ஆண்டு 1988. அந்த ஆண்டு கால்கரியில் கட்டாய உருவங்கள் அவரைக் கீழே இழுத்து ஐந்தாம் இடத்தில் நிறுத்தின. மறு ஆண்டு அவர் உலக சாம்பியன், ஆசியாவிலிருந்து முதலாமவர். 1992 ஆல்பர்வில்லில் வெள்ளி. ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவேயில்லை. ஆனாலும், பெண்களால் எவ்வளவு உயரம் தாவ முடியும் என்ற கேள்விக்கு அவருக்கு முன் ஒரு விடையும் பின் வேறொரு விடையும் இருக்கின்றன.

கேள்வி: அமெரிக்காவின் மிஷெல் குவான் ஒலிம்பிக் தங்கம் இல்லாதவர். அவரை எப்படி மிகப் பெரியவர்கள் வரிசையில் வைக்கிறார்கள்?

பதில்: ஐந்து உலகப் பட்டங்கள் வைத்திருப்பவரை வேறு எங்கே வைப்பது? நான்கு உலகப் பட்டங்கள் வென்ற கர்ட் பிரவுனிங்கிடம் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. நான்காண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஓர் இரவுக்கு அளவுக்கு மீறிய மரியாதை கொடுக்கிறோம்.

கேள்வி: ஒருவரை விட்டுவிட்டு ஒரு நிகழ்ச்சியை மட்டும் மிகச் சிறந்தது என்று சொல்ல வேண்டுமானால்?

பதில்: பிரிட்டனின் ஜேன் டோர்வில், கிறிஸ்டோஃபர் டீன் 1984இல் சரயேவோவில் ராவெலின் ‘பொலேரோ’வுக்கு ஆடிய ஐஸ் டான்ஸ். கலைத்திறனுக்காக ஒன்பது நடுவர்களும் முழு 6.0 அளித்தார்கள். அவர்கள் சுருக்கி அமைத்த இசை அனுமதிக்கப்பட்ட நேரத்தைவிடச் சுமார் 18 வினாடிகள் நீண்டுவிட்டது; அதற்கு மேல் வெட்டினால் இசை சிதைந்துவிடும். ஸ்கேட்டின் அலகு பனியில் ஓடத் தொடங்கும்போதுதான் நேரம் கணக்கிடப்படும் என்பதால், இருவரும் மண்டியிட்டபடியே உடலை அசைத்து அந்த வினாடிகளைக் கடத்தினார்கள். விதியின் சந்தில் நுழைந்து கிடைத்த அந்தத் தொடக்கமே நிகழ்ச்சியின் மிக அழகிய பகுதியாகிவிட்டது. அதற்கு முன் ஐஸ் டான்ஸ் என்பது பால்ரூம் நடனத்தின் தங்கையாக, பல இசைத் துண்டுகளை ஒட்டிப்போட்டு ஆடப்பட்டது. ஒரே இசை, ஒரே உணர்வு என்று ஒரு முழு நாடகத்தைக் காட்டலாம் என்பது இவர்களுக்குப் பிறகுதான் எல்லோருக்கும் துணிச்சலாக வந்தது. கனடாவின் டெஸ்ஸா வெர்ச்சூவும் ஸ்காட் மோயரும் மூன்று ஒலிம்பிக்குகளில் ஐந்து பதக்கங்கள் பெற்று எண்ணிக்கையில் இவர்களை மிஞ்சினாலும், அவர்கள் நடந்த பாதை இவர்கள் வெட்டியது.

கேள்வி: பிரான்சின் சூர்யா பொனாலியை ஏன் யாரும் குறிப்பிடுவதில்லை?

பதில்: குறிப்பிட வேண்டும். 1993, 1994, 1995 என்று தொடர்ந்து மூன்றாண்டுகள் உலகப் போட்டியில் வெள்ளி. 1994இல் மிகக் குறுகிய வித்தியாசத்தில் தோற்றபோது மேடையிலேயே பதக்கத்தைக் கழற்றியவர். 1998 நாகானோ ஒலிம்பிக்கில், தடைசெய்யப்பட்டிருந்த பின்புறக் குட்டிக்கரணத்தை அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். புள்ளி குறையும் என்று தெரிந்தே செய்தது அது. வெள்ளையரும் மெலிந்த தேகத்தினரும் மட்டுமே ‘அழகு’ என்று மதிப்பிடப்பட்ட அரங்கில் அவருடைய வலிமை குறையாகவே பார்க்கப்பட்டது என்று கருதுவோரில் நானும் ஒருவன். அந்தத் தடை 2024இல் நீக்கப்பட்டுவிட்டது. நடுவர்கள் இப்போது அதே குட்டிக்கரணத்தைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள்.

கேள்வி: உங்கள் அளவுகோலுக்குள் அடங்காத, ஆனாலும் உங்களால் மறக்க முடியாத ஸ்கேட்டர் எவரேனும் உண்டா?

பதில்: மாவோ அஸாதா. புதிய தாவல் எதையும் அவர் முதலில் செய்துவிடவில்லை. மூன்று சுற்று ஆக்ஸல் அவருக்கு முன்பே இதோவினுடையது. உலகப் பட்டங்கள் மூன்று இருந்தும் ஒலிம்பிக்கில் கிடைத்தது ஒரு வெள்ளி. 2014 சோச்சியின் குறு நிகழ்ச்சியில் ஆக்ஸலில் விழுந்து, அதன்பின் எதுவும் கைகூடாமல் 16ஆம் இடத்துக்குப் போனார். பதக்கம் கையை விட்டுப் போயாயிற்று. மறுநாள், கடைசிக் குழு வருவதற்கு வெகுநேரம் முன்பே, ரக்மானினோவின் இசைக்கு அவர் நெடு நிகழ்ச்சியை ஆடினார். முந்தைய நாள் விழவைத்த அதே ஆக்ஸலில் தொடங்கி எட்டு மூன்று சுற்றுத் தாவல்களை ஒன்றன்பின் ஒன்றாக முடித்துக்கொண்டே போனார். இசை நின்றதும் தலையை மேலே உயர்த்தினார். முகம் அழுகையில் கோணியது. உடனே அதை அடக்கிக்கொண்டு நடுவர்களை நோக்கிப் புன்னகையோடு வணங்கினார். இறுதிக் கணக்கில் ஆறாம் இடம்.